ஒரு ஆளுக்கு வீடு

"சத்தியமா நான் தேடலடி!" என்றான் தையல்காரியின் புருஷன்.

"பின்ன? 'ஒரு ஆளுக்கு வாடகை வீடு'ன்னு டிவியில நிக்குதே! போன்ல தேடினா மாட்டிக்குவேன்னு வீடியோ கேம் பெட்டியில தேடினியா? என்னை விட்டுட்டு எங்கய்யா போற?"

எதிர்வீட்டார் தங்கள் டிவியை அணைத்துவிட்டு இந்தச் சண்டையைக் கேட்டார்கள்.

தையல்காரி அவன் கையிலிருந்த கேம் கன்ட்ரோலரைப் பிடுங்கி பேட்டரியைக் கழற்றினாள். திரையின் எழுத்துப் பலகையில் தேர்வுக் கட்டம் தானாகவே எழுத்தெழுத்தாக நகர்ந்து, 'உடனே' என்று சேர்த்தது. புருஷனின் இரண்டு கைகளும் அவன் தலையில் இருந்தன.

மாதக் கடைசியில் வாசலில் அவர்கள் கூப்பிடாத ஒரு வேன் வந்து நின்றது.

"சாமான் இல்லையாம்மா? சரி, அவங்க ஏறிட்டாங்க, கிளம்புறேன்" என்றார் டிரைவர்.

தையல்காரியும் புருஷனும் கைகோத்தபடி பால்கனியில் நின்று பார்த்தார்கள். காலியாக இருந்த பக்கத்து இருக்கையோடு பேசிச் சிரித்துக்கொண்டே டிரைவர் தெருவைத் தாண்டிப் போனார்.