சுவரோரப் பாதி

“சுவரோரம் நான் படுக்குற பாதிக்கு லேடெக்ஸ் போடுங்க. இவ படுக்குற பாதிக்குச் சாதா ஃபோமே போதும்.”

இராஜாங்கம் சொன்னதைக் கேட்டு சிங்கராயரின் கையிலிருந்த டேப் அப்படியே நின்றது. நீடாமங்கலத்தில் மெத்தைக் கடை வைத்த நாளாக எத்தனையோ பேரைப் பார்த்தவர். பெண்டாட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே இப்படிக் கேட்ட ஆளை இப்போதுதான் பார்க்கிறார்.

அந்த அம்மாள் ராமாயியோ, நாற்காலியில் உட்காரும்போதே இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டாள். கடைப் படி ஏறும்போது அவள் பல்லைக் கடித்ததையும் சிங்கராயர் பார்த்திருந்தார்.

பொறுமையாக எடுத்துச் சொன்னார். அடியில் கெட்டி ஃபோம், அது ரெண்டு பாதிக்கும் பொது. தலைமாட்டில் தோள் அமுங்க மிருதுவாக ஒரு பட்டை. நடுவில் வருவதில்தான் சங்கதியே இருக்கிறது. சாதா ஃபோம் முதல் மாசம் சுகம் காட்டும், போகப்போக இடுப்பு இருக்கிற இடத்தில் குழி விழும். லேடெக்ஸ் அமுங்கிக் கொடுத்துத் தாங்கியும் பிடிக்கும். இடுப்பு, முதுகு வலிக்காரர்களுக்கு அதுதான் சரி.

“அதனாலதாங்க எனக்குக் கேட்குறேன்” என்றார் இராஜாங்கம்.

அக்கா ஒரு தடவை படுத்துப் பார்க்கட்டுமே என்று சிங்கராயர் சொன்னதற்கு ராமாயி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நாலு ஆம்பளை வந்துபோகிற கடையில் படுப்பதாவது! இராஜாங்கமே படுத்தார், புரண்டார், எழுந்து தலையாட்டினார்.

ரெண்டு பாதிக்கும் லேடெக்ஸ் போட்டுவிடலாமே என்று சிங்கராயர் மெல்ல இழுத்தார்.

“எனக்கெதுக்கு தம்பி? பாயிலயே கெடந்த கட்டை இது” என்றாள் ராமாயி. “இவங்க ஒரு மாசமா முதுகு முதுகுன்னு அனத்துறாங்க. அதுக்குத்தான் வந்தோம். எனக்கும் சேத்துன்னா மெத்தையே வேணாம்.”

“கேட்டீங்கல்ல?” என்று கரை வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு இராஜாங்கம் கிளம்பிவிட்டார்.

உள்ளே மெத்தை உறை தைத்துக்கொண்டிருந்த மனைவி அமலோற்பவத்திடம் போய் சிங்கராயர் பொருமினார். “மகளிர் தினக் கூட்டத்துல, பெண்ணை மதிக்காத வீடு ஒரு வீடான்னு மைக்கைப் புடிச்சுக் கேட்டவரு இவருதான்.”

“ஊரான் வீட்டுக் கட்டில்ல உங்களுக்கு என்ன பஞ்சாயத்து? சொன்னதைச் செஞ்சு குடுங்க” என்றாள் அவள்.

மனுஷர் கேட்கவில்லை. அடுக்கும்போது பக்கத்தை மாற்றிவிட்டார். சுவரோரப் பாதிக்குச் சாதா ஃபோம், ராமாயியின் பாதிக்கு லேடெக்ஸ். மேலே ரெண்டுக்கும் ஒரே மெல்லிய ஃபோம் ஓடுவதால் கையால் அமுக்கினால் தெரியாது. காலையில் எழுந்திருக்கிற இடுப்புக்குத்தான் தெரியும். உறையின் ஜிப்பை இழுத்து மூடியபோது மனசு நிறைந்திருந்தது.

மறுவாரம் இராஜாங்கம் தனியாக வந்தார். மெத்தையைக் குட்டி யானை வண்டியில் ஏற்றிக் கட்டியதும் கேட்டார். “சுவரோரந்தானே லேடெக்ஸ்?”

“உங்க சௌகரியத்துக்கு ஒரு குறையும் வராது” என்றார் சிங்கராயர், முகத்தைப் பார்க்காமலே.

“எனக்கென்னங்க, வரப்புல படுத்தாலும் தூங்கிடுவேன். எனக்கு முதுகு வலியும் இல்ல, ஒண்ணும் இல்ல. அவளுக்குன்னு சொன்னா ஒரு தலகாணி வாங்கக்கூட விடமாட்டா. ரெண்டு நாள் சுவரோரம் படுத்துட்டு, இங்க புழுக்கமா இருக்கு, நீ வந்துடுன்னு எடம் மாத்திக்குவேன். அப்புறம் லேடெக்ஸ் அவளுக்குத்தான்.”

அக்காவுக்கு இடுப்பு எப்படி இப்படி ஆனது என்று மட்டும் கேட்டார் சிங்கராயர்.

“குத்தகைத் தகராறு நடந்த வருஷங்க. நாங்க வெளைய வச்ச பயிரை அறுக்க மிராசுதார் ஆளுங்க எறங்கிட்டாங்க. நான் போய் வயல்ல குறுக்க படுத்துட்டேன். தடிய ஓங்கினாங்க. இவ ஓடியாந்து என் மேல விழுந்துட்டா. நெலம் என் பேருக்கு வந்துச்சு. அடி அவ இடுப்புக்குப் போச்சு.”

டிரைவர் வண்டியைக் கிளப்பினார். சிங்கராயர் ஓடிப்போய்க் குறுக்கே நின்றார்.

“எடத்த மட்டும் மாத்திக்காதீங்கண்ணே. நியாயம் பண்றதா நெனச்சு, நான் பக்கத்தை மாத்தி வச்சுட்டேன்.”