ரசீது தேவையில்லை

மைரன் நான்காவது ஆளுக்கு ரொட்டி வழக்கின் நஷ்டஈட்டுப் படிவத்தைப் போனில் நிரப்பிக்கொண்டிருந்தான்.

தனக்கும் மனைவிக்கும் முடித்தாயிற்று. அக்கா லெசியாவுக்கும் முடித்தாயிற்று. இப்போது அக்கா புருஷன் பெயர். அவரோ தனக்கு நஷ்டஈடு வரப்போவதே தெரியாமல் வெளியே வண்டிக்குக் குளிர்கால டயர் மாட்டிக்கொண்டிருந்தார்.

ரசீது தேவையில்லை என்று படிவத்திலேயே போட்டிருந்தது. வழக்கில் சொன்ன வருஷங்களில் கடையில் பாக்கெட் ரொட்டி வாங்கினேன் என்று சொன்னால் போதும், நம்பிவிடுவார்கள். மைரனுக்கு இது ரொம்பவும் பிடித்துவிட்டது. சும்மா வருகிற காசு என்றால் அவன் முகத்துக்கே ஒரு களை வந்துவிடும்.

"உன் நாயும்தான் அந்த ரொட்டியைத் தின்னுச்சு. அதுக்கும் ஒண்ணு போட்டுடவா?" என்றான்.

லெசியா பெரோகிக் கொழுக்கட்டைக்கு வெங்காயம் வதக்கியபடியே சிரித்தாள். அம்மா பெயரிலும் ஒன்று போடச் சொன்னாள்.

அம்மா முதியோர் இல்லத்தில் இருந்தாள். அவளுக்காகப் பிள்ளைகள் நிரப்பலாமா என்று விதிகளில் பார்க்க வேண்டும். பொடி எழுத்தையெல்லாம் மைரன் படிக்கிற ஆள் இல்லை. போனை அக்காவிடம் தள்ளிவிட்டான்.

லெசியா தேடிக்கொண்டே போனாள். நடுவில் வழக்கு என்னவென்று எழுதியிருந்தது. ரொட்டியில் ஏதோ எடை குறைவு என்றுதான் அவள் அதுவரை நினைத்திருந்தாள்.

எடை இல்லை. ஒன்றுக்கொன்று போட்டி என்று சொல்லிக்கொண்ட கடைகளும் ரொட்டிக் கம்பெனிகளும் இரகசியமாகப் பேசிவைத்து, வருஷக்கணக்காக விலையை ஒன்றுபோல ஏற்றியிருக்கிறார்கள். அதில் ஒரு கம்பெனி, ஆமாம் செய்தோம் என்று நீதிமன்றத்தில் ஒத்துக்கொண்டும் விட்டது.

இன்னொரு தடவை படித்தாள். வெங்காயம் கருகும் வாசனை வந்தது. அவளால் அடுப்புப் பக்கம் திரும்பக்கூட முடியவில்லை.

அம்மா இதைத்தான் சொன்னாள். இதே வார்த்தைகளில் சொன்னாள்.

கனடாவின் சாஸ்கடூன் நகரத்துப் பனியில் பஸ் ஏறி மூன்று கடைக்கும் போவாள். ரொட்டி விலையை மட்டும் பார்த்துவிட்டு, எதையும் வாங்காமல் திரும்பி வருவாள். எல்லாக் கடையிலும் ஒரே வாரத்தில் ஒரே மாதிரி விலை ஏறியிருக்கிறது, இவர்கள் ஒருவருக்கொருவர் போன் போட்டுப் பேசிக்கொள்கிறார்கள் என்பாள். கிறிஸ்துமஸ் விருந்தில், எல்லாரும் சூப்பைக் கையில் எடுத்த நேரத்தில்கூட அதைச் சொன்னாள். மைரன் காதில் கையை வைத்துக் கடைக்காரன் போன் பேசுவதுபோல நடித்துக் காட்டினான். பேரப்பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

பிறகு ஒருநாள் அவள் கடை மேனேஜரிடமே நேராகப் போய்க் கேட்டுவிட்டாள். அவர் லெசியாவைக் கூப்பிட்டு, அம்மாவைத் தனியாக அனுப்பாதீர்கள் என்று பக்குவமாகச் சொன்னார். லெசியாவுக்கு வெட்கத்தில் முகம் எரிந்தது.

டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். மறதி இருந்தது உண்மைதான். ஒரு பாத்திரத்தை அடுப்பில் வைத்துக் கருகவிட்டதும் உண்மைதான். ஆனால் இல்லாததை இருப்பதாக நம்புகிறாரா என்று டாக்டர் கேட்டபோது அக்காவும் தம்பியும் ஒரே குரலில் ரொட்டிக் கதையைத்தான் சொன்னார்கள். அம்மா எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள். ஒரு பிள்ளையாவது தன் பக்கம் பேசும் என்பதுபோல இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அந்த மாதமே அம்மாவின் வீட்டை விற்கும் பேச்சு தொடங்கியது.

லெசியா அந்தப் பத்தியை மைரனுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினாள். முதலில் அவன் சிரிக்கத்தான் வாயைத் திறந்தான். பிறகு போனை வாங்கித் தானே படித்தான். அவன் காது மடல் வரை சிவந்தது. கோபம் வந்தாலும் அவனுக்கு அப்படித்தான், அழுகை வந்தாலும் அப்படித்தான்.

அடுப்பை அணைத்துவிட்டு வந்து அக்காவுக்கு எதிரே நின்றான். இப்போதே போய் அம்மாவிடம் சொல்லலாம் என்றான். நீங்கள் சொன்னதுதான் சரி, கோர்ட்டே சொல்லிவிட்டது என்று சொன்னால் அவளுக்கு எவ்வளவு சந்தோஷமாக இருக்கும். போகிற வழியில் அவளுக்குப் பிடித்த கசகசா வைத்த இனிப்பு ரோலும் வாங்கிக்கொள்ளலாம். அவன்பாட்டுக்குப் பேசிக்கொண்டே கோட்டை எடுத்தான்.

லெசியா எழுந்திருக்கவில்லை. அவளைப் பயமுறுத்தியது ரொட்டி இல்லை.

"போன ஞாயித்துக்கிழமை அம்மா என்கிட்ட ஒண்ணு சொன்னாங்க," என்றாள். "ராத்திரி டூட்டிக்கு வர்ற ஒருத்தன் கையைப் பிடிச்சு முறுக்குறானாம். சத்தம் போட்டா வாயைப் பொத்துறானாம். நான் தலையைத் தடவிக் குடுத்துட்டு, சரிம்மான்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

மைரன் கோட்டில் ஒரு கையை மட்டும் நுழைத்தபடி அப்படியே நின்றுவிட்டான்.

"உன்கிட்டயும் சொன்னாங்களா?" என்றான்.