நோட்டில் ஏறாத சொல்

அறையில் நான்கு பேர். என் மகள் வடிவு. அவளோடு படித்த பியூலா. என் மனைவி காந்திமதி. நான்.

வேறு யாரும் இல்லை.

மேசையில் வடிவின் மடிக்கணினி. பியூலாவின் கையில், கணினியை ஓட்டும் புது மென்பொருளோடு ஒரு பென் டிரைவ்.

“எந்த லினக்ஸ் நல்லதுன்னு கேட்டா ஆளுக்கொண்ணு சொல்லுவாங்க. இது டெபியன்னு ஒரு வகை. பந்தா கிடையாது. ஒழுங்கா அப்டேட் வரும். உனக்கு இது போதும்ட்டி.”

“அப்ப இதுல இருக்க பழசு?” என்றாள் காந்திமதி.

“அதுக்குள்ள வேவு பாக்க என்ன ஒளிஞ்சு உக்காந்திருக்குன்னே தெரியலம்மா. முழுசா அழிச்சிட்டுத்தான் போடணும்.”

இதே கணினியில் வடிவு வக்கீலுக்கு எழுதிய கடிதத்தை, வக்கீலுக்குப் போகும் முன்பே மாப்பிள்ளை அவளிடம் வரி வரியாக ஒப்பித்திருந்தார். மறுநாள் அவள் ஒரே பையோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

“முடிஞ்சதும் புது பாஸ்வேர்டை நோட்டுல ஏத்திரணும்” என்றேன்.

வடிவு மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

எங்கள் குடும்பத்தில் பீரோ சாவிகள் மூத்தவரிடம் இருக்கும். கம்ப்யூட்டர் வந்த பிறகு, எல்லோருடைய கடவுச்சொல்லும் என் பச்சை நோட்டில் இருக்கும். அன்றும் நோட்டு என் மடியில் இருந்தது. பேனாவின் மூடியைக் கழற்றி வைத்திருந்தேன்.

பியூலா தன் போனை என்னிடம் நீட்டினாள்.

“அப்பா, நாம இறக்கின ஃபைல்ல நடுவுல யாரும் கை வச்சிருக்கக் கூடாதுல்லா. டெபியன்காரங்க கொடுத்திருக்க எழுத்து இது. நீங்க படிங்க. எங்கிட்ட இருக்கறதோட ஒத்துப் பாக்குதேன்.”

அறுபத்து நான்கு எழுத்துகள். நான் படித்தேன். அவள் ஒவ்வொன்றுக்கும் “ம்” என்றாள்.

பாதியில் நிறுத்தினேன்.

இப்படி எழுத்தெழுத்தாக நான் இதற்கு முன் ஒரே ஒரு முறைதான் படித்திருக்கிறேன். கல்யாணமான மூன்றாம் மாதம். மாப்பிள்ளை போனில் வடிவின் கடவுச்சொல்லைக் கேட்டார். மாப்பிள்ளை கேட்டு இல்லை என்று சொன்ன குடும்பமல்ல இது. எது பெரிய எழுத்து, எது சின்ன எழுத்து என்றுகூட எடுத்துச் சொன்னேன்.

வடிவுக்கு அது தெரியாது.

“அப்பா?” என்றாள் பியூலா.

மீதியைப் படித்தேன். ஒத்துப்போனது.

பென் டிரைவைச் செருகினாள். கணினியின் வட்டை முழுதும் அழிக்கலாமா என்று திரை கேட்டது. வடிவே அழுத்தினாள். கல்யாணப் படங்களும் அதில்தான் இருந்தன.

அழிந்துகொண்டே இருந்தது. ஒரு மணி நேரம். சதவீதம் ஏறுவதை நால்வரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

என் போன் அடித்தது. மாப்பிள்ளை.

ஸ்பீக்கரில் போட்டேன்.

“மாமா, சும்மாத்தான். வடிவு லேப்டாப் காலையிலேருந்து ஆன்லைன்லயே இல்லையே? எதும் ரிப்பேரா? நான் வேணா வந்து பாக்கட்டுமா?”

காந்திமதி வாயைப் பொத்திக்கொண்டாள்.

“வர வேண்டாம்.”

அவர் வைக்கும் முன் நான் வைத்தேன். அப்படிச் செய்தது அதுதான் முதல் முறை.

வடிவு என்னைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்தபடியே கேட்டாள்.

“இதுக்குள்ள அவரு எப்படிப்பா போனாரு?”

“நான்தான் படிச்சுச் சொன்னேன்.”



அழித்து முடிந்தது. திரையில் வெறும் கட்டம் ஒன்று வந்தது.

“வட்டைப் பூட்டுத சொல்” என்றாள் பியூலா. “நீளமா வை. மறந்தா யாராலயும் திறக்க முடியாது. என்னாலயும்தான்.”

வடிவின் விரல்கள் விசைப்பலகைக்கு மேலேயே நின்றன. இறங்கவில்லை.

காத்திருந்தேன். பிறகு புரிந்தது.

எழுந்தேன். நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தேன். பேனாவை மூடினேன்.

எதிரே சுண்ணாம்பு பெயர்ந்த சுவர். அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து, பின்னால் விசைகளின் சத்தம் கேட்டது. நெடுநேரம் கேட்டது. நான் எண்ணவில்லை.

சொந்தபந்தத்தில் இப்போது ஒரு பேச்சு நடக்கிறது. அந்தச் சொல்லும் என் பச்சை நோட்டில் இருக்கிறதாம். மாப்பிள்ளை தக்கபடி வந்து கேட்டால் கொடுத்துவிடுவேனாம்.

நோட்டில் இல்லை. எனக்கும் தெரியாது.