ஒரு வருஷ எம்.ஏ.

"ரெண்டு வருஷப் படிப்ப ஒரே வருஷத்துல முடிச்சி இன்னாம்மா பண்ணப் போற?" என்று கேட்டார் கோதண்டம், எருமையின் முதுகில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே.

காந்திமதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விடிந்ததும் இதையேதான் கேட்டார். கூழ் குடிக்கும்போதும் கேட்டார். மகள் சொன்ன பதில் ஒவ்வொரு முறையும் எங்கே போய் விழுந்தது என்று தெரியவில்லை.

"வேலைக்குப் போவப் போறேம்பா. அடுத்த வருஷம் ஸ்ரீபெரும்புதூர்ல சர்வே ஆபீஸ் திறக்கறாங்க. இந்தப் பக்கம் கம்பெனி வந்தா எத்தினி பேருக்கு வேலை, எவ்ளோ நெலம் போவும்னு கணக்குப் பாக்கற வேலை. பயன்பாட்டுப் பொருளாதாரத்துல எம்.ஏ. இருந்தா எடுத்துப்பாங்க."

"அதுக்கு மறு வருஷம் அந்த ஆபீஸ் எங்கனா ஓடிப் பூடுமா?"

"ஆபீஸ் ஓடாது. வேலைய வேற யாராச்சும் வாங்கிகினு பூடுவாங்க."

பி.ஏ.யில் நல்ல மார்க் வாங்கியவர்கள், அஞ்சல் வழியில் இரண்டு வருஷத்துத் தேர்வுகளையும் ஒன்றாக எழுதலாம் என்று அந்த வருஷம்தான் ஒரு திட்டம் வந்திருந்தது. அதைச் சொன்னவர் காஞ்சிபுரம் காலேஜில் அவளுக்குப் பாடம் எடுத்த பேராசிரியர் சுப்பராயன். எந்த மாதம் எந்தப் பாடம் என்பது வரை அவளோடு உட்கார்ந்து திட்டம் போட்டுக் கொடுத்தார். புள்ளியியலை ஞாயிற்றுக்கிழமைகளில் தானே சொல்லித் தருவதாகவும் சொன்னார்.

போன வாரம் பிள்ளைப்பாக்கத்தில் இவர்கள் வீடு வரை வந்து கோதண்டத்திடமும் பேசிப் பார்த்தார். கோதண்டம் அவருக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார், எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார், கடைசியில், "மூணு வருஷத்துல முடிக்கற மாதிரி எதுவும் இல்லீங்களா சார்?" என்றார். சுப்பராயன் இளநீரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். காந்திமதிக்கு மானம் போயிற்று.

"கண்ணு கெட்டுப் பூடும்மா," என்றார் இப்போது.

"கெடாதுப்பா."

"ஞாயித்துக்கிழமை காஞ்சிபுரம் பஸ்ல நிக்க எடம் இருக்காது."

"பி.ஏ. படிக்கச் சொல்லோ மட்டும் எடம் இருந்துச்சா? ஊரே சிரிச்சப்பவும் என்னைக் காலேஜுல சேத்தது நீதான? இப்ப இன்னா வந்துச்சு உனக்கு? எல்லா வூட்லயும் சீக்கிரம் முடின்னு வெரட்டறாங்க. நீ மட்டும்தான் மெதுவாப் படின்னு உயிர வாங்கற. நான் சம்பாதிக்கறது உனக்குப் புடிக்கலியா?"

கோதண்டம் இன்னும் கொஞ்சம் தண்ணீரை ஊற்றினார். எருமையின் காதைத் தேய்க்க ஆரம்பித்தார். ஏற்கெனவே தேய்த்த காது.

அப்போது தெருமுனையில் பஸ் நின்று கிளம்பும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் பையும் கையுமாக வந்தாள் கோதண்டத்தின் அக்கா கோவிந்தம்மா, வாலாஜாபாத்திலிருந்து. காந்திமதி கைக்குழந்தையாக இருந்தபோதே அவள் அம்மா இறந்துவிட்டாள். எடுத்து வளர்த்தது இந்த அத்தைதான். அதனாலேயே அக்கா பேச்சுக்குக் கோதண்டம் எதிர்த்து ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"அக்காகிட்ட இந்த ஒரு வருஷ சங்கதியெல்லாம் பேசிகினு இருக்காத," என்றார் கோதண்டம் தாழ்ந்த குரலில்.

அதுதான் காந்திமதிக்குத் தாங்கவில்லை. அத்தைக்குத் தண்ணீர் கொடுத்த கையோடு எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். வேலையைச் சொன்னாள், திட்டத்தைச் சொன்னாள், அப்பாவின் பிடிவாதத்தையும் சொன்னாள்.

கோவிந்தம்மா சொம்பைக் கீழே வைத்தாள். "ஒரே வருஷத்துல முடிஞ்சிடுமா கண்ணு?"

"முடிச்சிடுவேன் அத்தை."

"இன்னாடா தம்பி, கொழந்த இவ்ளோ ஆசயா கேக்குது, நீ குறுக்க நிக்கறியே. படிக்கட்டும் வுடு."

"சரிக்கா," என்றார் கோதண்டம். எருமைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

காந்திமதிக்கு அப்பாடா என்றிருந்தது. இத்தனை நாள் முட்டி மோதியும் அசையாதவர் ஒரே வார்த்தையில் அடங்கிவிட்டார்.

"அப்ப அடுத்த வைகாசியில முகூர்த்தம் பாத்துடலாம்," என்றாள் கோவிந்தம்மா, காந்திமதியின் கன்னத்தை வழித்துக்கொண்டே. "நீ பி.ஏ. சேரச் சொல்லோ கேட்டேன், படிப்பு முடியட்டும்க்கான்னான். பி.ஏ. முடிஞ்சப்ப கேட்டேன், எம்.ஏ. கீதுன்னான். படிப்பு முடிஞ்சதும் நீ நம்ம கோபாலுக்குத்தான்னு வாக்குக் குடுத்துகீறான் உங்கப்பன்."

கோபால் அத்தையின் மகன். அவனைக் கட்டிக்கொண்டவள் அடி தாங்காமல் அம்மா வீட்டுக்கு ஓடி, பஞ்சாயத்தில் உறவைத் தீர்த்துக்கொண்டு போய்விட்டாள்.

காந்திமதி திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அவர் எருமையின் கயிற்றைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக நின்றார்.

"அத்தை," என்றாள் காந்திமதி. "ஒரு வருஷத்துல முடியறது எம்.ஏ. மட்டும்தான். அதுக்கு மேல டாக்டர் பட்டம்னு ஒண்ணு கீது. எத்தினி வருஷம் ஆவும்னு படிக்கறவங்களுக்கே தெரியாது. அது முடிஞ்சாத்தான் படிப்பு முடிஞ்சதா அர்த்தம்."

கோதண்டம் கயிற்றை விட்டுவிட்டு நிமிர்ந்தார். "அத மொதல்லயே சொல்றதுக்கின்னாம்மா? நாளைக்கே சாரப் பாத்து அதுக்கும் சேத்துப் பேர் குடுத்துட்டு வா."