நாற்பத்தோராம் நாள்

இன்றைக்கும் எவரோ வீட்டுக்குள் புகுந்திருக்கிறார்கள். தோள்பையைக்கூடக் கழற்றாமல் அவள் கட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்தாள், தடயம் தேடும் போலீஸ்காரி மாதிரி.

எதுவும் காணாமல் போகவில்லை. அம்மாவின் நகங்கள் வெட்டப்பட்டிருந்தன. தலை வாரிப் பின்னியிருந்தது. காலையில் அவள் விரித்துவிட்டுப் போன நீல விரிப்பு துவைக்கப்பட்டு ஜன்னல் கம்பியில் காய்ந்துகொண்டிருந்தது. அம்மாவை மெல்ல ஒருக்களிக்க வைத்துப் பார்த்தாள். முதுகில் படுக்கைப் புண் ஆறத் தொடங்கியிருந்தது.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"யாரும்மா வர்றது?"

பக்கவாதம் அம்மாவின் பேச்சைப் பிடுங்கிக்கொண்டு போய் இரண்டு வருஷம். அம்மா கதவைப் பார்த்துச் சிரித்தாள், வாயின் ஒரு பக்கத்தால். போன வருஷமும் இதே சிரிப்புத்தான்.

அவர்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. ஈஸ்டருக்கு முன்னால் வரும் நாற்பது நாள் நோன்பான லெந்து தொடங்குவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, ஒவ்வொரு குடும்பமும் தன் பேரைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடும். ஆளுக்கொரு சீட்டு எடுப்பார்கள். கையில் வந்த குடும்பத்துக்கு நாற்பது நாள் யாருக்கும் தெரியாமல் நல்லது செய்ய வேண்டும். ஈஸ்டர் அன்று யார் யாருக்குச் செய்தார்கள் என்று அறிவிப்பு. அப்புறம் கைதட்டல், கேக், போட்டோ.

போன வருஷம் இவர்கள் வீட்டுச் சீட்டு பாடகர் குழுத் தலைவிக்கு விழுந்தது. உச்சக் குரலால் சைரன் ஆன்ட்டி என்று பேர் வாங்கியவர். தினமும் பதினோரு மணிக்கு, பூட்டாமல் சாத்தியிருக்கும் கதவைத் திறந்து வந்து அம்மாவுக்கு உடம்பு துடைத்து, துணி மாற்றி, கை கால் பிடித்துவிட்டுப் போனார். ஈஸ்டர் அன்று போட்டோவில் சிரித்தார். நாற்பத்தோராம் நாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

அதன்பிறகு இரண்டு மாதம், பதினோரு மணி ஆனால் அம்மாவின் கண் கதவுக்குப் போய்விடும். விடுமுறை நாட்களில் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்தவள் இவள். இன்னொரு முறை அம்மாவை அப்படிக் காத்துக் கிடக்க விடுவதாக இல்லை.

மறுநாள் அரைநாள் லீவு சொல்லிவிட்டுச் சபை மண்டபத்துக்குள் நுழைந்தாள். ஆஸ்பத்திரி லேபில் அவளுக்கு ஞாயிற்றுக்கிழமையும் ரத்தக் குப்பிகளோடு மல்லுக்கட்டுதான். வருஷம் பிறந்து அந்தப் படியை ஏறுவது இதுவே முதல் தடவை. உள்ளே பாடகர் குழு ஈஸ்டர் பாட்டுக்குத் தொண்டையைச் சரிசெய்துகொண்டிருந்தது.

"அங்கிள், எங்க வீட்டுச் சீட்டு யார்கிட்ட இருக்கு?"

சபைச் செயலாளர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "அது ரகசியம்மா. இன்னும் ஒம்பது நாள்தான? ஈஸ்டர் அன்னைக்குத் தானா தெரிஞ்சிரும்."

"அன்னைக்கு அவங்க போட்டோவுக்குப் பல்லக் காட்டிட்டுப் போயிடுவாங்க. அப்புறம் எங்கம்மா கதவப் பாத்துட்டே கெடக்கணுமா? உங்க அன்புக்கு நாப்பது நாள்தான் வாரண்டியா?"

பாட்டு நின்றது.

"நாலெழுத்து படிச்சிட்டா கோயில்ல எப்படிப் பேசறதுன்னு மறந்துருமோ?" என்றாள் பாடகர் குழுவின் இரண்டாம் வரிசைக்காரி.

"ஆமாக்கா, எங்க வீட்டுலயே மொதல்ல காலேஜ் வாசல மிதிச்சவ நான். அதனாலதான் கேக்குறேன். அடுத்தவங்கள நாப்பது நாளைக்கு மட்டும் நேசின்னு பைபிள்ல எந்தப் பக்கத்துல போட்டிருக்கு? காட்டுங்க. மன்னிப்புக் கேட்டுட்டு இப்படியே திரும்பிப் போறேன்."

அவள் சைரன் ஆன்ட்டி பக்கம் திரும்பினாள்.

"நீங்க சொல்லுங்க ஆன்ட்டி. போன ஈஸ்டருக்கு மறுநாள் ஏன் வரல? ஆண்டவர் உயிர்த்தெழுந்துட்டாரு, சரி. எங்கம்மா எழுந்திரிக்கலியே!"

"வரலதான் பாப்பா. தப்புதான்."

இத்தனை சின்னக் குரலும் அவருக்கு உண்டு என்று அன்றுதான் எல்லோருக்கும் தெரிந்தது. அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பாட்டுப் புத்தகத்தை மூடிவிட்டுத் துணிப்பையை எடுத்துக்கொண்டார். "பதினொண்ணு ஆகப் போகுது. நான் கெளம்பறேன்."

"தினம் பாதிப் பாட்டுல ஓடிடுறீங்க. ஈஸ்டர் அன்னைக்கும் இதே கூத்துதானா?" என்று கீபோர்டுக்காரர் சலித்துக்கொண்டார்.

"கேள்வி கேட்டா நழுவறீங்க பாருங்க, நல்லா நழுவுங்க!" என்று இவள் வாசல்வரை துரத்திக் கத்தினாள். ஆன்ட்டி திரும்பிப் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு வேகமாக நடந்தார்.

இவள் செயலாளரின் மேசைமீது கையை ஊன்றினாள்.

"இந்த வருஷம் எங்க சீட்ட எடுத்த புண்ணியவதி யாருன்னு சொல்லுங்க அங்கிள். வந்தா கடைசிவரைக்கும் வரணும். இல்லன்னா இன்னையோட நிறுத்திக்கணும். பேர மட்டும் சொல்லுங்க, மிச்சத்த நான் பேசிக்கிறேன்."

செயலாளர் வேறு வழியில்லாமல் சீட்டுக் கணக்கு நோட்டைத் திறந்தார். நாற்பத்து மூன்று குடும்பங்கள். விரலை மேலிருந்து கீழே ஓட்டினார். மறுபடி கீழிருந்து மேலே ஓட்டினார். கண்ணாடியைக் கழற்றினார். ஆன்ட்டி போன வாசலைப் பார்த்தார்.

"இந்த வருஷம் நீ சீட்டே எழுதிப் போடலியேம்மா."