கும்பிட்டா போதும்

"மேடையில வேட்டிய கொஞ்சம் தூக்கிக் காட்டணும், அய்யா" என்றான் புகழேந்தி.

பலராமனுக்கு வயது எழுபத்தைந்து. அவர் தொடையில் எட்டணாக் காசு அகலத்துக்கு ஒரு தழும்பு உண்டு. பர்மாக் காட்டில் பாய்ந்த குண்டு என்பது அடி அண்ணாமலை ஊர் முழுக்கத் தெரிந்த விஷயம். அந்த வீட்டுக்கு நேதாஜியின் ஐ.என்.ஏ. படைத் தியாகி பென்ஷன் வருகிறது என்பதும் தபால்காரர் புண்ணியத்தில் எல்லோருக்கும் தெரியும்.

புகழேந்தி கல்யாணம், கருமாதி, காதுகுத்து என்று ஒன்று விடாமல் அலைந்ததெல்லாம் ஊராட்சித் தலைவர் நாற்காலிக்காகத்தான். தொண்ணூற்றாறில் தேர்தல் வந்தது. கூடவே, அந்தப் பதவி பெண்களுக்கு என்று அறிவிப்பும் வந்தது. மனைவி மதிவதனியோ அரசுப் பள்ளி ஆசிரியை, நிற்க முடியாது. வெள்ளைச் சட்டையாகத் தைத்து அடுக்கி வைத்திருந்தவன் அழாத குறைதான்.

அப்போதுதான் பலராமனின் மனைவி தனம் அவன் கண்ணில் பட்டாள். மலேயா ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். யுத்தம் முடிந்ததும் பலராமன் கட்டிக்கொண்டு வந்தாராம். பத்து கேள்வி கேட்டால் ஒன்றுக்குப் பதில் சொல்வாள். தியாகி பெயரில் ஓட்டு, அம்மா பெயரில் பதவி, ஆளப்போவது தான் என்று அவன் கச்சிதமாகத் திட்டம் போட்டுவிட்டான்.

கேட்டதும் தனம் நிற்கிறேன் என்று சொல்லிவிட்டு, காபி போடப் போனாள். இவ்வளவு சுலபமாக முடியும் என்று அவனே நினைக்கவில்லை.

பேச்சில் சேர்ப்பதற்காகக் குண்டு பட்ட கதையைப் பலராமனிடம் கேட்டான். ஒரு ஆற்றங்கரை, அந்தி நேரம் என்று அவர் ஆரம்பித்தார்.

"ஆறு இல்ல, ஓடை. விடிகால நேரம்" என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

பாவம், ஐம்பது வருஷமாக ஒரே கதையைக் கேட்டுக் கேட்டு அம்மாவுக்கு மனப்பாடமே ஆகிவிட்டது என்று புகழேந்தி உள்ளுக்குள் சிரித்துக்கொண்டான்.

மேடையில் அவளையே பேசவிடலாமே என்று பலராமன் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"அம்மா கும்பிட்டா போதுங்க. மத்தத நான் பாத்துக்கறேன்."

பிரசாரத்தின் கடைசி நாள் சாயங்காலம் கிரிவலப் பாதை ஓரமாக மேடை போட்டிருந்தார்கள். வெள்ளைக்காரன் குண்டைத் தொடையில் தாங்கிய வீரர், இவருக்காக இந்த அம்மாவுக்கு ஓட்டுப் போடக் கூடாதா என்று புகழேந்தி தொண்டை கட்டும்வரை முழங்கினான். சொன்னபடியே பலராமன் வேட்டியைத் தூக்கிக் காட்டினார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. ஓரமாக நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தாள் தனம்.

பலராமன் மைக்கைப் பிடித்தார்.

"தம்பி தப்பா சொல்லிட்டாரு. நான் ஐ.என்.ஏ. இல்லீங்க. வெள்ளைக்காரன் பட்டாளத்துல இருந்தேன்."

வென்ற தேர்தல் கண்ணெதிரே கைநழுவுகிறதே என்று புகழேந்தி மைக் வயரைப் பிடுங்கப் பார்த்தான். அது எட்டவில்லை.

பலராமன் பாட்டுக்கு நிதானமாகச் சொல்லிக்கொண்டே போனார். ஓடையில் தண்ணீர் மொள்ளக் குனிந்தபோது எதிர்ப் புதரிலிருந்து ஐ.என்.ஏ. குண்டு வந்ததாம். வலி தாங்காமல் "ஐயோ அம்மா" என்று தமிழில் அலறியதால்தான் இரண்டாவது குண்டு வரவில்லையாம். சுட்டவரே ஓடி வந்து கட்டுப் போட்டுவிட்டு, குறி கொஞ்சம் தப்பிவிட்டது என்று வருத்தப்பட்டாராம்.

கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது. புகழேந்திக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. பென்ஷன் வாங்கும் தியாகி இவர் இல்லை என்றால், பின்னே யார்? அவர் காதருகே குனிந்தான்.

"அய்யா, அப்ப உங்களச் சுட்டது யாரு?"

மைக்கை மூடாமலே பலராமன் சொன்னார்:

"நீ நிறுத்தியிருக்கிற வேட்பாளர்தாம்ப்பா."