தொண்ணூற்றேழு வீடுகள்

“ஊர்ல தண்ணி ஒழுங்கா வருதான்னு எத்தனை வீட்ல சார் கேக்கணும்?” என்றார் குடிநீர்ப் பொறியாளர்.

“முந்நூத்தி எண்பத்தஞ்சு,” என்றார் புள்ளியியல் அதிகாரி. “ஊர் முழுக்கக் கேட்டா வர்ற பதிலுக்கும் இதுக்கும் அஞ்சு சதவீதத்துக்கு மேல வித்தியாசம் இருக்காது. தொண்ணூத்தஞ்சு சதவீதம் நம்பலாம்.”

பொறியாளர் முகம் வாடியது.

“அவ்வளவு வீடு கட்டுப்படியாகாது சார். பார்த்துக் குறைங்க.”

“பத்து சதவீதம் வித்தியாசம் பரவாயில்லைன்னா, தொண்ணூத்தேழு போதும்.”

“பரவாயில்ல சார். எந்தெந்த வீடுன்னு மட்டும் முன்கூட்டியே சொல்லிடுங்க. போறப்ப ஆள் இருக்கணுமில்ல?”

அதிகாரி குலுக்கல் முறையில், வேண்டியவர் வேண்டாதவர் பார்க்காமல், வீடுகளைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார்.

அடுத்த மாதம் அவருடைய ஆட்கள் போய்க் கேட்டார்கள். தொண்ணூற்றேழு வீட்டிலும் ஒரே பதில்: தண்ணீர் அருவியாகக் கொட்டுகிறது. அதிகாரி வீட்டுக் குழாயில் காற்றுதான் வந்தது. ஆனால் ஒரு வீட்டை வைத்து ஊரை எடைபோடக் கூடாது என்று அவருக்குத் தெரியும். அறிக்கையில் கையெழுத்துப் போட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து மனைவியிடம் பெருமையாகச் சொன்னார்.

“எதிர்வீட்லயும் பிச்சுக்கிட்டுத்தான் ஊத்துது,” என்றாள் அவள், காலிக் குடத்தை அவர் கையில் திணித்தபடி. “பொறியாளரே ஆளோட வந்து, அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் புதுக் குழாய் போட்டுட்டுப் போனார். ‘எங்களுக்கும் போடுங்க’ன்னு கேட்டேன். ‘தொண்ணூத்தேழுக்கு மேல முடியாதும்மா’ங்கறார். அது என்ன கணக்குங்க?”